ஒரு மில்லிமீட்டரில் ஊசலாடும் முடிவு

புது தில்லி: இதயத்திலிருந்து மேலெழும் மகாதமனி 5.5 செ.மீ. அளவுக்கு விரிந்துவிட்டால், அது கிழியும் அபாயம் கருதி அறுவைச் சிகிச்சை பரிந்துரைக்கப்படுகிறது. அமெரிக்க இதயநோய் அமைப்புகளின் 2022-ஆம் ஆண்டு நெறிமுறைப்படி, ஒரே ஆண்டில் அரை செ.மீ. விரிந்தாலும் அறுவைச் சிகிச்சையைப் பரிசீலிக்கலாம்.

இந்த அளவைக் கண்டறிய எம்.ஆர்.ஐ. நம்பகமான கருவிதான். கதிர்வீச்சு இல்லை என்பதால், ஆண்டுக்கணக்கில் கண்காணிக்கப்பட வேண்டிய இளம் நோயாளிகளுக்கு மிகவும் உகந்தது. சிக்கல் அளக்கும் முறையில் இருக்கிறது. தமனியின் குறுக்குவெட்டு சாய்வாக அமைந்தால் வட்டம் நீள்வட்டமாகி, அளவு கூடிவிடும். இதயத் துடிப்போடு இணைக்காமல் படமெடுத்தால், தமனியின் வேர்ப்பகுதி விளிம்பு மங்கும். தமனிச் சுவரைச் சேர்த்து அளப்பதா, விடுத்து அளப்பதா என்பதிலேயே ஒன்றிரண்டு மில்லிமீட்டர் வேறுபடும். நோயாளியை அஞ்சவைக்கும் 'வளர்ச்சி' சில வேளைகளில் இதுவாகவும் இருக்கலாம்.

சி.டி., எக்ஸ்ரே கருவிகளைக் கண்காணிக்க அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் இருக்கிறது. அயனியாக்கும் கதிர்வீச்சு இல்லாத எம்.ஆர்.ஐ. அதன் வரம்புக்குள் வராது. வாரியம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், எந்த இடத்தில், எம்முறையில் அளந்தோம் என்று அறிக்கையில் எழுத ஒரு வரி போதும். பழைய படத்தையும் புதிய படத்தையும் அருகருகே வைத்து ஒரே மருத்துவர் அளப்பது இன்னும் மேல். அதற்கு, ஊர்விட்டு ஊர் செல்லும் நோயாளியின் கையில் அறிக்கைத் தாளோடு படங்கள் அடங்கிய குறுந்தகடும் இருக்க வேண்டும்.