டைமரை நிறுத்துவது என்றால் என்ன?

யூஎஸ்பி கருவியைப் பிடுங்கியதும் கணினி உறைந்துபோகிறது. எப்போதும் இல்லை, எப்போதாவது ஒரு தடவை. இப்படி ஆட்டம் காட்டும் பிழையைத் தோண்டினால் சில நேரம் அடியில் ஒரு டைமர் கிடக்கும்.

லினக்ஸ் டிரைவர் ஒன்று நொடிக்கு ஒருமுறை கருவியின் நிலையைப் பார்க்கிறது என்று வைத்துக்கொள்வோம். கெர்னலின் சாதாரண டைமர் ஒருமுறைதான் அடிக்கும். தொடர்ந்து அடிக்கணும்னா, கால்பேக் ஃபங்ஷன் ஒவ்வொரு தடவையும் 'மாட் டைமர்' மூலம் அடுத்த நொடிக்குத் தன்னை மறுபடி பதிவு செய்யணும்.

கருவி கழன்றதும் டிரைவர் தன் மெமரியைத் திருப்பிக் கொடுத்துவிடும். அதற்கு முன் டைமரை நிறுத்தியாகணும். 'நிறுத்துவது' என்ற அந்த ஒரு சொல்லுக்குள் மூன்று வேலைகள் இருக்கு.

முதலாவது, வரிசையில் காத்திருக்கும் டைமரை எடுப்பது. 'டெல் டைமர்' இதை மட்டும்தான் செய்யும். அதே கணத்தில் கால்பேக் இன்னொரு கோரில் ஓடிக்கொண்டிருந்தால் அதைக் கண்டுகொள்ளாது. நாம் மெமரியை விடுவித்துவிடுவோம், கால்பேக் அங்கேயே எழுதிக்கொண்டிருக்கும். அதற்குள் அந்த இடம் வேறொருவர் கைக்குப் போயிருந்தால் அவருடைய டேட்டா கெடும். கணினி உறைந்தால் பிழை இருப்பதாவது தெரியும். இதே ஓட்டை வழியாகக் கெர்னலுக்குள் புகுந்த தாக்குதல்களும் உண்டு.

இரண்டாவது, ஓடுவது முடியும்வரை காத்திருப்பது. 'டெல் டைமர் சிங்க்' இதைச் செய்யும். கால்பேக் போகிற போக்கில் தன்னை மறுபதிவு செய்திருந்தால் அதையும் எடுத்துவிடும். ஆனால் கால்பேக் கேட்கும் லாக்கை நாம் பிடித்துக்கொண்டு இதைக் கூப்பிடக் கூடாது. அது லாக்குக்காகக் காத்திருக்கும், நாம் அதற்காகக் காத்திருப்போம், இரண்டும் நகராது. கால்பேக்குக்குள் இருந்தே கூப்பிட்டாலும் இதே கதிதான்.

மூன்றாவது, வேறு யாரும் டைமரைத் திரும்ப எழுப்பாமல் தடுப்பது. கால்பேக் ஒரு வேலையை ஒர்க்க்யூவில் போடுகிறது, அந்த வேலை டைமரை மறுபடி வைக்கிறது என்றால்? டைமரை முதலில் நிறுத்தினால் வேலை அதை எழுப்பிவிடும். வேலையை முதலில் ரத்து செய்தால் டைமர் புது வேலை போடும். 'மூடிக்கொண்டிருக்கிறோம்' என்று ஒரு ஃபிளாக் வைத்துச் சமாளிக்கலாம். ஆனால் ஃபிளாக்கைப் பார்ப்பதும் டைமரை வைப்பதும் ஒரே லாக்குக்குள் நடக்காவிட்டால், நடுவில் ஃபிளாக் மாறிவிடும்.

2023 பிப்ரவரியில் வெளியான 6.2 கெர்னலில் இதற்கு 'டைமர் ஷட்டவுன் சிங்க்' வந்தது. தாமஸ் கிளைக்ஸ்னர், ஸ்டீவன் ராஸ்டெட் இருவரின் உழைப்பு இதில் உண்டு. இது டைமரை எடுக்கும், ஓடுவது முடியக் காத்திருக்கும், டைமரின் ஃபங்ஷன் பாயின்டரையும் நல் ஆக்கிவிடும். அதன்பின் யார் 'மாட் டைமர்' கூப்பிட்டாலும் சத்தமில்லாமல் புறக்கணிக்கப்படும். ஆகவே வரிசை இதுதான்: டைமரை ஷட்டவுன் செய், ஒர்க்க்யூ வேலையை ரத்து செய், கடைசியில் மெமரியை விடு.

கணினி தூங்கி எழும் சஸ்பெண்ட் நேரத்துக்கு மட்டும் ஷட்டவுன் வேண்டாம், அங்கே டைமர் திரும்ப ஓடியாகணும். அதற்கு இரண்டாவது வழியே சரி. 6.2 முதல் அதற்கு 'டைமர் டெலீட் சிங்க்' என்று பெயர், பழைய பெயர் பின்னால் நீக்கப்பட்டது.

டிரைவர் ஒன்றின் ரிமூவ் ஃபங்ஷனைப் படிக்கும்போது இதையே கேட்டுப் பாருங்கள்: காத்திருப்பதை எடுத்தாச்சா? ஓடுவது முடிஞ்சாச்சா? எழுப்பக்கூடியவர் இன்னும் யாராவது மிச்சமா? பெரும்பாலும் மூன்றாவது கேள்விக்குத்தான் பதில் இருக்காது.