கண்ணருகே ஒரு மாய உலகம்

சென்ற கிறிஸ்துமஸ் விடுமுறையில் சித்தி வீட்டிற்குச் சென்றிருந்தேன். கூடத்தில் அமர்ந்து சித்தி கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். அவருக்கு இரண்டு முழம் தள்ளி, ஒன்பது வயதுத் தங்கை, கண்களை முழுவதும் மறைக்கும் கருவி ஒன்றைத் தலையில் மாட்டிக்கொண்டு, வெறுங்காற்றில் கைவீசிச் சிரித்துக்கொண்டிருந்தாள். சித்தப்பா வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த பரிசு அது. திடீரென்று அவள் தன் பள்ளியின் பெயரையும் வகுப்பையும் உரக்கச் சொன்னாள்.

“யாரிடம் பேசுகிறாய்?” என்று கேட்டார் சித்தி.

“தெரியாது அம்மா, ஒரு முயல்” என்றாள் அவள்.

அந்த முயல் உருவத்துக்குப் பின்னால் இருந்தவர் சிறுமியா, முதியவரா, எந்த ஊரார் என்பது எங்களுக்குத் தெரியவில்லை. தாய் அருகில் இருந்தும் மகள் தனியே இருந்தாள். பெற்றோர் எண்ணிப் பார்க்க வேண்டிய செய்தி இதுவே.

மெய்நிகர் உலகம் என்பது யாது?

இக்கருவி இரு கண்களுக்கும் சற்றே வேறுபட்ட இரு படங்களைக் காட்டுகிறது. மூளை அவற்றை ஒன்றாக்கி, ஆழமுள்ள காட்சியாகக் காண்கிறது. தலையைத் திருப்பினால் காட்சியும் திரும்பும். 1968-இல் அமெரிக்க அறிஞர் ஐவன் சதர்லாந்து இத்தகைய கருவியை உருவாக்கியபோது, அதைக் கூரையிலிருந்து தொங்கவிட வேண்டியிருந்தது. இன்றோ ஏறத்தாழ அரைக் கிலோ எடையில் குழந்தையின் தலையில் அமர்ந்துவிட்டது.

கண்ணால் காண்பதும் பொய்யாகலாம் என்றனர் நம் முன்னோர். ஆனால் குழந்தைக்கு அதைப் பிரித்தறிவது எளிதன்று. அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழக ஆய்வாளர் 2009-இல் வெளியிட்ட ஆய்வில், திமிங்கலங்களுடன் தாம் நீந்துவதுபோல் இக்கருவியில் கண்ட சிறுவர் சிலர், சில நாட்களுக்குப் பின் அது மெய்யாகவே நடந்ததென்று நம்பினர். இன்பக் காட்சி இவ்வாறு பதியுமானால், அச்சுறுத்தும் காட்சியும் பதியாதோ?

பார்ப்பவரும் பார்க்கப்படுபவரும்

தலை திரும்பக் காட்சி திரும்ப வேண்டுமானால், கருவி நம் தலையையும் கைகளையும் ஒவ்வொரு நொடியும் பலமுறை அளந்தாக வேண்டும். நாம் அதைப் பார்க்கும்போது அதுவும் நம்மைப் பார்க்கிறது. தாழ்வாரத்தில் கேட்கும் காலடி ஓசையைக் கொண்டே வருவது எந்தச் சகோதரி என்று நாம் கண்டுகொள்வதில்லையா? அதுபோலத்தான் இதுவும். 2023-இல் வெளிவந்த கலிபோர்னியப் பல்கலைக்கழக ஆய்வு ஒன்றில், ‘பீட் சேபர்’ என்னும் விளையாட்டை ஆடிய 50,000-க்கும் மேற்பட்டோரின் அசைவுகளைக் கணினிக்குப் பழக்கினர். பின்னர் வெறும் 100 நொடி அசைவைக் கொண்டே, 100-க்கு 94 பேர் வீதம் அது இனங்கண்டது. பெயரை மறைத்தாலும் அசைவு காட்டிக்கொடுத்துவிடும்.

2023-இல் நம் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயது நிறையாதோரின் விவரங்களைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்கிறது. ஆனால் வயதைக் கூட்டிச் சொல்லி, ஒப்புதல் பொத்தானைப் பிள்ளையே அழுத்திவிட்டால் சட்டம் என்ன செய்யும்?

நான்கடி இடைவெளி

‘மெட்டா’ நிறுவனத்தின் ‘ஹொரைசன் வேர்ல்ட்ஸ்’ என்னும் மாய உலகில், தம் உருவத்தைப் பிறர் உருவங்கள் முறைகேடாகத் தீண்டியதாகப் பெண்கள் முறையிட்டனர். அதன்பின் 2022 பிப்ரவரியில், உருவங்களுக்கிடையே ஏறத்தாழ நான்கடி இடைவெளி இருக்குமாறு செய்தனர். உடல் தீண்டப்படாவிடினும் உள்ளம் துன்புறும் என்பதை இது காட்டுகிறது. அடுத்த ஆண்டே அந்நிறுவனம், பெற்றோர் ஒப்புதலுடன் தன் கருவியைப் பயன்படுத்துவதற்கான வயதை 13-இலிருந்து 10-ஆகக் குறைத்தது. பொறுப்பு பெற்றோரின் கைக்கு வந்துவிட்டது.

என்ன செய்யலாம்?

பிள்ளைக்குக் கொடுக்குமுன் பெற்றோர் தாமே அணிந்து பார்க்க வேண்டும். பிள்ளை காணும் காட்சியைத் தொலைக்காட்சியிலோ கைப்பேசியிலோ காட்டும் வசதி பல கருவிகளில் உண்டு; அதைப் பயன்படுத்தலாம். கதவைச் சாத்திய அறையில் வேண்டாம், கூடத்திலேயே விளையாடட்டும். காதுக்குழாய் மாட்டாமல் ஒலியை வெளியே விடட்டும். உண்மையான வயதையே பதிய வேண்டும். பொய் வயது, சிறுவருக்கென வைத்த காவலை நீக்கிவிடும்.

தோழியரே! நமக்கும் கடமை உண்டு. பெயர், பள்ளி, தெரு ஆகியவற்றை முயலிடமும் சொல்லக் கூடாது. மனம் கூசினால் கருவியைக் கழற்றிவிட்டு அம்மாவிடம் சொல்ல வேண்டும். அப்போது பெற்றோர் ஏசாமல் கேட்க வேண்டும். ஏசினால் அடுத்த முறை பிள்ளை வாய் திறக்காது.

சித்தி அக்கருவியைப் பெட்டியில் வைத்துப் பூட்டவில்லை. மறுநாள் தாமே அணிந்து பார்த்தார். கழற்றியவர், “உள்ளே இத்தனை பேரா!” என்று வியந்தார். இப்போது அவ்வீட்டில் முயல் பேசினால், கூடத்தில் இருக்கும் சித்திக்கும் கேட்கிறது.