கூடை பின்னுவது போல்காவில், அளவு சொல்வது லண்டனில்

லண்டனில் வீட்டு அலங்காரப் பொருள் விற்கும் கடைகளில், வண்ணக் கோடு ஓடும் வட்டக் கூடைகளைப் பார்த்திருப்பீர்கள். கைப்பிடியில் தோல் சுற்றியிருக்கும். இவை கானாவின் வடகோடியில் உள்ள போல்கடாங்கா வட்டாரத்துச் சரக்கு. வியாபாரிகள் வாயில் சுருக்கமாக ‘போல்கா கூடை’.

பின்னுபவர்கள் பெரும்பாலும் பெண்கள். புல் தண்டை நெடுக்கில் இரண்டாகக் கிழித்து, இரண்டையும் சேர்த்து முறுக்கினால் ஓர் இழை. அதைக் கொதிக்கும் சாயத்தில் தோய்த்து, உலர்த்தி, அடிப்பாகத்திலிருந்து பின்னி மேலேற வேண்டும். நடுத்தர அளவுக் கூடைக்கே இரண்டு மூன்று நாள் பிடிக்கும். இவ்வளவுக்கும் புல்லில் பெரும்பகுதி உள்ளூரில் விளைவதில்லை. நாட்டின் தெற்கிலிருந்து லாரியில் வருகிறது, காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும்.

‘ஆப்பிரிக்கக் கைவினைஞர்களுக்குப் புதிய சந்தை’ என்று பேசும்போது, லண்டனிலிருந்து ஒரு வடிவமைப்பாளர் போய் பின்னக் கற்றுக்கொடுப்பதாக நாம் நினைத்துக்கொள்கிறோம். ஆனால் பின்னல் போல்காப் பெண்களுக்குப் பாட்டி காலத்து வித்தை. தெரியாதது வேறு: லண்டன் வாடிக்கையாளர் அந்தக் கூடையில் அழுக்குத் துணி போடுவாரா, செடித்தொட்டி வைப்பாரா, சைக்கிளில் மாட்டுவாரா? அதைப் பொறுத்து உயரமும் வாயகலமும் மாறும். உள்ளூர்ச் சந்தையில் ஒரு கூடை மற்றொன்றைப் போல இருக்க வேண்டியதில்லை. கடைக்காரர் 200 கேட்டால் 200-ம் ஒரே அளவில், ஒரே நீலத்தில் வேண்டும். வெவ்வேறு வீட்டு அடுப்பில் வெவ்வேறு பானையில் சாயம் காய்ச்சும் பெண்களுக்கு இதுதான் பெரிய சோதனை.

அடுத்தது கப்பல் கூலி. கூடை கனமில்லை, ஆனால் இடத்தை அடைக்கும். ஆகவே அதை அமுக்கித் தட்டையாக்கி அனுப்புகிறார்கள். வந்ததும் தண்ணீரில் நனைத்துக் கையால் வடிவம் திருப்பி உலர வைத்தால் பழைய கூடையாகிவிடும். இந்தச் சின்ன உத்தி இல்லையென்றால் விலை கட்டுப்படியாகாது.

வடிவமைப்பாளர்கள் கைகொடுத்ததும் உண்டு. லண்டன் கிங்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் ஃபேஷன் படித்த கானாக்காரர் அகோசுவா ஆஃப்ரியே-குமி, ஊர் திரும்பி 2014-ல் ‘ஆக்ஸ்’ என்ற கைப்பை நிறுவனத்தைத் தொடங்கினார். புல்லுக்குப் பழகிய போல்கா கைகளை, மென்மையான ராஃபியா நாருக்குப் பழக்கினார். லண்டன் ஆடை வடிவமைப்பாளர் விவியன் வெஸ்ட்வுட் வேறு வழியில் போனார்: சர்வதேச வர்த்தக மையத்தின் திட்டத்தோடு சேர்ந்து, நைரோபியில் பழைய விளம்பரப் பதாகைகளிலும் தோல் துணுக்குகளிலும் பைகள் தைக்க வைத்தார்.

என் கணக்கில் வடிவமைப்பைவிடப் பெரிய உதவி முன்பணம்தான். புல், சாயம், விறகு எல்லாம் பின்னுவதற்கு முன்பே வாங்க வேண்டியவை. கையில் காசில்லாதவர் இடைத்தரகரிடம் கடன் வாங்குவார். பிறகு விலையை அவர்தான் வைப்பார். கைவினைப் பொருளுக்கு, செய்பவர் கேட்டால் வாங்குபவர் பாதித் தொகையாவது வட்டியில்லாமல் முன்கூட்டித் தர வேண்டும் என்கிறது உலக நியாய வர்த்தக அமைப்பின் விதி. இன்னொன்று நாள் கணக்கு. மழை பிடித்துவிட்டால் பெண்கள் வயலுக்குப் போய்விடுவார்கள். கிறிஸ்துமஸ் சரக்கை அந்த மாதங்களில் அவசரப்படுத்தினால் கூடை வராது, வந்தாலும் நன்றாயிராது.

தூரத்துச் சந்தைக்கு என்ன வேண்டும் என்று கைவினைஞருக்குச் சொல்லும் வேலையை லண்டன் முன்பு எதிர்த்திசையிலும் செய்திருக்கிறது. சோழமண்டலக் கரையில் நெய்த கட்டம்போட்ட ‘மெட்ராஸ் கைக்குட்டை’ துணி லண்டன் வழியாகவே மேற்கு ஆப்பிரிக்காவுக்குப் போனது. 18-ஆம் நூற்றாண்டில் அடிமை வணிகத்திலும் இந்தியத் துணி பண்டமாற்றாகப் புழங்கியது. நைஜர் கழிமுகத்துக் கலபாரி மக்களுக்கு மெட்ராஸ் கட்டத்துணி இன்றும் சடங்குக்கு உரியது. அங்கு எந்தக் கட்டம் விலைபோகும் என்பது நம் நெசவாளருக்கு வியாபாரி சொல்லித்தான் தெரிந்தது.

வாங்குபவர் ஒருவரே என்றால் ஆபத்தும் உண்டு. 1979-ல் வட இங்கிலாந்தில் தொடங்கிய நியாய வர்த்தக நிறுவனமான ‘ட்ரெய்ட்கிராஃப்ட்’ 2023 ஜனவரியில் நொடித்துப்போனது. நல்லெண்ணம் நிறைந்த நிறுவனம்தான். ஆனால் அதையே நம்பியிருந்த குழுக்களுக்கு நல்லெண்ணத்தால் அடுத்த ஆர்டர் வந்துவிடாது. அதனால்தான் ஒப்பந்தத்தில் ஒரு வரியைக் கவனிக்க வேண்டும்: லண்டன் கடைக்காகச் செய்து பழகிய வடிவத்தை அந்தப் பெண்கள் வேறொரு கடைக்கும் விற்கலாமா, கூடாதா?