சீட்டின் உயரமும் டயரின் காற்றும்

சைக்கிளுக்கு இன்ஜின் அதை ஓட்டும் உடல்தான். அந்த இன்ஜினின் திறன் பெரிதல்ல. தனிப் பயிற்சி எதுவும் பெறாத, ஆரோக்கியமான ஒருவர் நீண்ட நேரம் தொடர்ந்து தரக்கூடியது ஏறத்தாழ 75 முதல் 100 வாட். ஒரு சீலிங் ஃபேன் இழுக்கும் மின்சாரம் அவ்வளவுதான் இருக்கும். உண்ட உணவின் ஆற்றலில் கால் பங்குக்கு மேல் பெடலைச் சேர்வதில்லை. மீதி வெப்பமாகிப் போகிறது. அப்படியிருந்தும், மணிக்கு ஐந்து கிலோமீட்டர் நடக்கிற அதே மனிதர் சைக்கிளில் ஏறினால் அலுப்பில்லாமல் பதினெட்டு, இருபது கிலோமீட்டர் போய்விடுகிறார். உடலின் எடையைச் சக்கரங்கள் தாங்கிக்கொள்கின்றன. சுத்தமாக எண்ணெயிட்ட செயின், கால் கொடுத்த ஆற்றலில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்குக்கு மேல் பின்சக்கரத்திடம் ஒப்படைக்கிறது. ஆகவே நன்றாக ஓட்டுவது என்பது பெரும்பாலும் இந்தச் சிறிய ஆற்றலைச் சிந்தாமல் பார்த்துக்கொள்வதுதான். விலை கூடிய சைக்கிள் இதில் உதவலாம். ஆனால் ஒரு ஸ்பேனரும் காற்றடிக்கும் பம்பும் அதைவிட முன்னதாகவே உதவும்.

முதலில் கவனிக்க வேண்டியது சீட்டின் உயரம். நம் ஊர்களில் சீட்டில் உட்கார்ந்தபடியே இரண்டு பாதங்களும் தரையில் படுமாறு வைத்துக்கொள்வது வழக்கம். விழமாட்டோம் என்ற தெம்பு அதில் கிடைக்கிறது. முழங்காலுக்குத்தான் அது கேடு. சீட் தாழ்ந்திருந்தால் ஒவ்வொரு மிதிக்கும் முழங்கால் அளவுக்கு மீறி மடங்குகிறது. தொடையின் முன்தசை முழங்கால் சில்லை அழுத்திக்கொண்டே இருப்பதால் முழங்காலின் முன்பக்கத்தில் வலி தொடங்குகிறது. சரியான உயரத்தைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. சுவரோரம் சைக்கிளை நிறுத்தி ஏறி உட்கார்ந்து, பெடலைக் கீழ்க்கடைசிக்குக் கொண்டுவந்து, அதன்மேல் குதிகாலை வைக்க வேண்டும். அப்போது கால் முழுக்க நீண்டிருக்க வேண்டும். இடுப்பு ஒரு பக்கம் சாயக் கூடாது. பிறகு ஓட்டும்போது பாதத்தின் முன்பகுதியால் மிதித்தால் முழங்காலில் 25 முதல் 35 டிகிரி வரை மடக்கு தானாக அமைந்துவிடும். கணக்காகச் செய்ய விரும்புவோருக்கு 1980களில் பரவிய ஒரு சூத்திரம் இருக்கிறது. டூர் டி பிரான்ஸ் பந்தயத்தை மூன்று முறை வென்ற அமெரிக்க வீரர் கிரெக் லெமாண்டின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படுவது அது. தரையிலிருந்து கவட்டை வரையுள்ள உயரத்தை 0.883 ஆல் பெருக்கினால், பெடல் தண்டுகள் சுழலும் நடு அச்சின் மையத்திலிருந்து சீட்டின் மேற்பரப்பு வரை இருக்க வேண்டிய தூரம் கிடைக்கும். கவட்டை உயரம் 80 செ.மீ. என்றால் சீட் 70.6 செ.மீ. எல்லோருக்கும் இது கச்சிதமாகப் பொருந்தாது. தொடங்குவதற்கு நல்ல அளவு. நிறுத்தும்போது சீட்டிலிருந்து முன்னால் இறங்கி நிற்கப் பழகிவிட்டால், சீட் உயர்ந்திருக்கிறதே என்ற பயம் ஒரு வாரத்தில் போய்விடும்.

உயரம் மிகினால் அதுவும் தொல்லைதான். கடைசி மிதிக்குக் கால் எட்டாமல் இடுப்பு இடமும் வலமும் ஆடும். முழங்காலின் பின்புறமும் குதிகால் தசைநாணும் வலிக்கும். முழங்கால் வலி முன்னால் என்றால் சீட்டைக் கொஞ்சம் ஏற்றுவதும், பின்னால் என்றால் கொஞ்சம் இறக்குவதும் அனுபவசாலிகளின் வழக்கம். மாற்றம் ஒவ்வொரு முறையும் சில மில்லிமீட்டர் போதும். ஹேண்டில்பார் தொலைவாக இருந்தால் கழுத்தும் தோளும் இறுகும், எடையெல்லாம் உள்ளங்கையில் இறங்கும். சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போவது உள்ளங்கை வழியாகப் போகும் நரம்பு நசுங்குவதன் அறிகுறி. கையின் இடத்தை அடிக்கடி மாற்றுவதும், முழங்கையை இளக்கமாக மடித்து வைப்பதும் இதைத் தவிர்க்கும்.

சட்டகத்தின் அளவையும் சொல்லியாக வேண்டும். வீட்டுக்கு ஒரே சைக்கிள் என்றிருந்த காலத்தில் 22 அல்லது 24 அங்குலச் சட்டகம் அப்பாவின் உயரத்துக்கு வாங்கப்பட்டது. பிள்ளைகள் பாருக்கு அடியில் காலை விட்டுக் குரங்குப் பெடல் போட்டார்கள். 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி எழுத்தறிவு இயக்கத்தோடு சேர்ந்து பெண்கள் பெருந்திரளாகச் சைக்கிள் பழகியபோதும், பலருக்குக் கிடைத்தது பார் வைத்த ஆண்கள் சைக்கிள்தான். பொருந்தாத வண்டியையே வசப்படுத்திய அந்தத் துணிவு பெரிது. இன்று கடைகளில் உயரத்துக்கேற்பப் பல அளவுகள் கிடைக்கின்றன. நிறத்தையும் கியர் எண்ணிக்கையையும் பார்ப்பதற்கு முன், சட்டகத்துக்கு மேல் நின்று பார்த்து, கவட்டைக்கும் பாருக்கும் இடையே இரண்டு விரல் அகலமாவது இடைவெளி இருக்கிறதா என்று பார்த்து வாங்குவது நல்லது.

அடுத்தது காற்று. 1888இல் பெல்ஃபாஸ்ட் நகரில் கால்நடை மருத்துவராக இருந்த ஜான் பாய்ட் டன்லப், மகனின் மூன்று சக்கர சைக்கிளுக்காகக் காற்றடைத்த டயரைச் செய்தார். அதுவரை கெட்டி ரப்பரில் உதறிக்கொண்டிருந்த சைக்கிளை உலகம் விரும்பத் தொடங்கியதற்கு அது முக்கியக் காரணம். ஆனால் எந்த ரப்பர் ட்யூபும் காற்றை முழுதாகப் பிடித்துவைப்பதில்லை; பஞ்சர் இல்லாமலே வாரக்கணக்கில் மெல்லக் கசியும். வால்டியூப் பழையதானால் இன்னும் வேகமாக இறங்கும். காற்று குறைந்த டயர் ஒவ்வொரு சுற்றிலும் நசுங்கி நிமிர்கிறது, அந்த நசுங்கலிலேயே ஆற்றல் வெப்பமாகப் போய்விடுகிறது. பள்ளத்தில் இறங்கினால் ட்யூப் ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவே சிக்கி இரண்டு ஓட்டைகள் விழும்.

அதற்காகக் கல்லுப்போல் அடித்துவிடுவதும் தவறு. இந்தத் தவறைப் பந்தய வீரர்களே பல பத்தாண்டுகள் செய்தார்கள். டயர் ஒல்லியாகவும் இறுக்கமாகவும் இருந்தால் வேகம் என்ற நம்பிக்கையில் 21, 23 மில்லிமீட்டர் டயர்களே ஆண்டன. சொரசொரப்பான சாலையில் இறுகிய டயர் துள்ளுகிறது. அந்தத் துள்ளலில் வண்டியும் உடலும் அதிர்ந்து ஆற்றல் வீணாகிறது. இப்போது பந்தயச் சாலைகளிலும் 28 மி.மீ. டயரும் அதைவிட அகலமானதும் சாதாரணம். நம் சாலைகளுக்கு அகல டயரே ஏற்றது. டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் எண் பெரும்பாலும் உச்ச வரம்பு. ஓட்டுபவரின் எடை குறைவென்றால் அதற்குக் கீழே நிறுத்தலாம். உடலின் எடையில் பெரும்பகுதி பின்சக்கரத்தில் இறங்குவதால் அதற்குச் சற்றுக் கூடுதல் காற்று வேண்டும். கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பது நம்பகமான சோதனை அல்ல. அளவுமானி பொருத்திய பம்ப் வீட்டில் ஒன்று இருப்பது அவசியம்.

கியர் என்பது வேகத்துக்கான கருவி என்று பலர் நினைக்கிறார்கள். சாலை ஏறினாலும் இறங்கினாலும் கால் ஒரே சீராகச் சுற்றுவதற்காகவே அது இருக்கிறது. முன்னால் 44 பல், பின்னால் 18 பல் உள்ள 28 அங்குலச் சக்கர சைக்கிளை எடுத்துக்கொள்வோம். ஒரு மிதிச் சுற்றில் அது ஏறக்குறைய ஐந்தரை மீட்டர் நகரும்; நிமிடத்துக்கு 60 சுற்று என்றால் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகம். சமதரையில் இது சுகம். எதிர்காற்றிலோ பாலத்தின் ஏற்றத்திலோ சுற்று 40க்கு இறங்கும். அப்போது ஒவ்வொரு மிதியிலும் தொடை முழு பலத்தோடு அழுத்த வேண்டும். தசையில் சேமித்த சர்க்கரை விரைவாகத் தீர்வதும், முழங்கால் நோவதும் இந்த இடத்தில்தான். இலகு கியரில் நிமிடத்துக்கு 70 முதல் 90 சுற்று வரை மிதித்தால் பாரம் தசையிலிருந்து இதயத்துக்கும் நுரையீரலுக்கும் மாறும். இவை இரண்டும் சீக்கிரம் களைப்பவை அல்ல. டூர் டி பிரான்ஸ் பந்தயத்தைத் தொடங்கி நடத்திய ஆன்ரி டெக்ரான்ஜ் கியர் மாற்றும் கருவிகளை ஏற்கவில்லை. அங்கே அவை அனுமதிக்கப்பட்டதே 1937இல்தான். கியரைக் குறைப்பதைத் தோல்வியாக எண்ணும் மனப்பான்மை இன்றும் புதியவர்களிடம் இருக்கிறது. ஏற்றம் தொடங்கிக் கால் திணறிய பிறகு மாற்றுவதைவிட, ஏற்றம் கண்ணில் பட்டவுடனே மாற்றிக்கொள்வது செயினுக்கும் காலுக்கும் நல்லது.

வேகம் கூடும்போது முதல் எதிரி காற்று. சமதரையில் மணிக்கு 25 கிலோமீட்டரைத் தாண்டினால் உழைப்பில் பெரும்பங்கை அதுவே தின்கிறது. காற்றின் தடை வேகத்தின் இருமடி விகிதத்தில் வளர்கிறது. அதை வெல்லத் தேவைப்படும் திறனோ மும்மடி விகிதத்தில். அதாவது 20லிருந்து 40க்குப் போக, காற்றுக்கு மட்டும் எட்டு மடங்கு திறன் கொடுக்க வேண்டும். இத்தாலிய வீரர் ஃபிலிப்போ கன்னா 2022 அக்டோபரில் ஒரு மணி நேரத்தில் 56.792 கி.மீ. ஓட்டிச் சாதனை படைத்தபோது, உடலை வளைத்து ஒடுக்கி, கைகளை முன்னே நீட்டிக் காற்றுக்குக் கிடைக்கும் பரப்பை எவ்வளவு குறைக்க முடியுமோ அவ்வளவு குறைத்திருந்தார். தடையில் முக்கால் பங்கு உடலால் வருவது, சைக்கிளால் அல்ல. அன்றாடம் ஓட்டுபவர் அப்படிக் கூனத் தேவையில்லை. படபடக்கும் சட்டையைத் தவிர்த்து, முழங்கையை மடித்து, எதிர்காற்றில் கொஞ்சம் தாழ்ந்தாலே வித்தியாசம் தெரியும்.

செயினுக்குப் பலர் பழைய இன்ஜின் ஆயிலை ஊற்றுகிறார்கள். அதில் உலோகத் துகள் ஏற்கெனவே கலந்திருப்பதால் தேய்மானம்தான் கூடும். துணியால் துடைத்து, சைக்கிள் எண்ணெயை ஒவ்வொரு கண்ணியிலும் ஒரு சொட்டு விட்டு, மேலே வழிவதை மீண்டும் துடைத்துவிட வேண்டும். வழியும் எண்ணெய் மண்ணை இழுக்கும். தேய்மானத்தைப் பள்ளிக்கூட அளவுகோலாலேயே அளக்கலாம். புதுச் செயினில் 24 பின் இடைவெளிகள் சரியாக 12 அங்குலம். அது அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு நீண்டுவிட்டால் செயினை மாற்ற வேண்டும். எட்டில் ஒரு பங்கு வரை விட்டுவிட்டால் பின்பக்கப் பல்சக்கரமும் சேர்ந்து தேய்ந்து, செலவு இரட்டிக்கும். ரிம் கோட்டம் எடுப்பதும் பேரிங்குக்கு கிரீஸ் வைப்பதும் கடைக்காரரின் வேலை. பிரேக் கட்டை தேய்ந்திருக்கிறதா என்று பார்ப்பது ஓட்டுபவரின் வேலை. பிரேக் பிடிக்கையில் எடை முன்னே சாய்வதால் முன் பிரேக்கே அதிகம் நிறுத்தும். அதை விட்டுவிட்டுப் பின் பிரேக்கை மட்டும் நம்பினால் நிற்கும் தூரம் நீளும். இரண்டையும் சேர்த்து, வளைவுக்குள் நுழைவதற்கு முன்பே பிடிக்கப் பழக வேண்டும். மழை ஈரத்தில் இன்னும் முன்கூட்டியே.

இனி உடலின் பக்கம். உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதல், பெரியவர்களுக்கு வாரத்தில் 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான உடலுழைப்பு வேண்டும் என்கிறது. வேலைக்கு அரைமணி நேரம் சைக்கிளில் போய்வந்தாலே அது நிறைவேறிவிடும். அதற்கு மேல் வலுவேற்ற விரும்புவோர் ஒவ்வொரு நாளும் மூச்சு வாங்க ஓட்டுவதுதான் பரவலான பிழை. நார்வேயில் பணியாற்றும் உடலியல் ஆய்வாளர் ஸ்டீபன் செய்லர் பல்வேறு நீடுதிறன் விளையாட்டு வீரர்களின் பயிற்சியை ஆராய்ந்தபோது, ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு மிக இலகுவாகவே நடந்ததைக் கண்டார். பக்கத்தில் வருபவரோடு முழு வாக்கியமாகப் பேச முடிகிற வேகம் அது. அந்த வேகத்தில்தான் தசையில் நுண்குழாய்கள் பெருகுகின்றன, கொழுப்பை எரிக்கும் திறன் வளர்கிறது. வாரத்தில் ஒரு நாளோ இரண்டு நாளோ ஏற்றத்தில் கடினமாக மிதித்தால் போதும். சைக்கிள் ஒன்றை மட்டும் தராது: உடலின் எடை எலும்பில் இறங்காததால் எலும்பின் உறுதி அதனால் கூடுவதில்லை. நடையோ, எடை தூக்கும் பயிற்சியோ கூட வேண்டும்.

நம் வெயிலில் தண்ணீரைத் தாகம் வந்தபின் தேடக் கூடாது. மணிக்கு அரை லிட்டருக்குக் குறையாமல், சிறுகச் சிறுகக் குடிக்கலாம். உப்புப் போட்ட மோரும் எலுமிச்சைச் சாறும் வியர்வையில் போன உப்பை மீட்கும். ஒன்றரை மணி நேரத்தைத் தாண்டும் பயணத்தில் மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து தேவை. இரண்டு வாழைப்பழமோ, ஒரு பழமும் சில கடலை மிட்டாயும் அதைத் தந்துவிடும்.

இப்படிப் பழகியவர்களுக்கு நெடுந்தூரம் எட்டாததல்ல. பிரான்ஸில் தோன்றி இந்தியாவிலும் வேரூன்றியிருக்கும் ‘பிரவே’ ஓட்டங்களில் போட்டி கிடையாது, முதல் பரிசும் கிடையாது. குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டும், அவ்வளவே. 200 கிலோமீட்டருக்குப் பதின்மூன்றரை மணி நேரம், 300க்கு 20, 400க்கு 27, 600க்கு 40. இந்த நான்கையும் முடித்தவர்கள் நான்கு ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும், 1891இல் தொடங்கிய பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ் ஓட்டத்துக்குத் தகுதி பெறுகிறார்கள். அது ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர். அதிகபட்ச அவகாசம் 90 மணி நேரம். முதல் படியான 200 கிலோமீட்டருக்குத் தேவைப்படும் சராசரி, சாப்பிடவும் பஞ்சர் ஒட்டவும் நின்ற நேரத்தையும் சேர்த்து, மணிக்கு 15 கிலோமீட்டருக்கும் குறைவு.