மீன் குஞ்சுத் தொட்டி: அடித்தளத்திற்கு ஏற்றது எது?

கிணற்று நீரும், வீட்டுப் புறக்கடையில் சிறிது நிழலும் உள்ள சிறு விவசாயிகளுக்கு அலங்கார மீன் வளர்ப்பு நல்லதொரு துணைத் தொழிலாகும். சென்னை கொளத்தூரும் அதன் சுற்றுப்புறமும் இத்தொழிலுக்குப் பெயர் பெற்றவை. புதிதாகத் தொடங்குவோர் பலர், தாய்மீன் வாங்குவதில் காட்டும் அக்கறையைத் தொட்டியின் அடியில் போடும் கல், மணல் விஷயத்தில் காட்டுவதில்லை. தாய்மீன் முட்டையிட்டும் குஞ்சு கைக்கு வராமற் போவதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

மீனுக்கு ஏற்ற தளம்

எல்லா மீனுக்கும் ஒரே தளம் பொருந்தாது. முட்டையிடும் முறையைப் பார்த்தே தளத்தை அமைக்க வேண்டும்.

ஜீப்ரா மீன் முட்டைகளைச் சிதறவிடும். அவை ஒட்டாமல் அடியில் விழும். தாய்மீனே அவற்றைத் தேடித் தின்றுவிடும். ஆகவே கோலிக்குண்டுகளை இரண்டு அடுக்காகப் பரப்பி, அதற்கு மேல் 10 செ.மீ. உயரம் மட்டும் நீர் விட வேண்டும். முட்டைகள் இடுக்கில் இறங்கித் தப்பிவிடும். மாலையில் மீனை விட்டால் மறுநாள் விடியற்காலையில் முட்டையிடும். உடனே தாய்மீன்களை எடுத்துவிட வேண்டும். இரண்டு மூன்று நாட்களில் குஞ்சு பொரியும்.

பொன்மீனின் முட்டை ஒட்டும் தன்மையுடையது. இதற்குக் கல்லும் மணலும் தேவையில்லை. ஆகாயத்தாமரை வேர், வேலம்பாசி அல்லது பிரித்த நைலான் கயிறு போதும். பாசியையும் வேரையும் இளஞ்சிவப்பாகக் கரைத்த பொட்டாசியம் பெர்மாங்கனேட் நீரில் முக்கி, நன்கு கழுவிய பின்னரே தொட்டியில் இட வேண்டும்.

ஏஞ்சல் மீன் வழவழப்பான பரப்பைத் தேடும். ஒரு சிலேட்டுப் பலகையையோ, பிளாஸ்டிக் குழாயையோ சாய்த்து வைத்தால் அதில் வரிசையாக முட்டையிடும். சண்டை மீன் நீர்மட்டத்தில் நுரைக்கூடு கட்டும். கூட்டிலிருந்து கீழே விழும் முட்டைகளை ஆண் மீன் வாயால் எடுத்துக் கூட்டில் சேர்க்கும். அடியில் கல் இருந்தால் முட்டை இடுக்கில் மறைந்துவிடும். எனவே இதற்கு வெறுந்தரையே ஏற்றது.

கப்பி, மோலி ஆகியவை குட்டி போடுபவை. இவற்றுக்கும் வெறுந்தரை போதும். குட்டிகள் தாயிடமிருந்து ஒளிந்துகொள்ளப் பாசி மட்டும் நிறைய வேண்டும்.

குஞ்சு வளர்ப்புத் தொட்டியிலும் வெறுந்தரையே நல்லது. மிஞ்சிய தீவனமும் கழிவும் கண்ணுக்குத் தெரியும். குழாய் வைத்து உறிஞ்சி எளிதில் வெளியேற்றலாம். கல் இடுக்கில் தங்கினால் அவை அழுகி அம்மோனியா உண்டாகும். இளங்குஞ்சுகள் இதைத் தாங்கா.

சுண்ணாம்பைக் கண்டறியுங்கள்

கிளிஞ்சல் கலந்த கடல் மணல், சுண்ணாம்புக்கல், சலவைக்கல் சில்லு ஆகியவை நீரில் சிறிது சிறிதாகக் கரையும். நீரின் கடினத்தன்மையும் காரத்தன்மையும் உயரும். மோலி போன்றவை கடின நீரைத் தாங்கும். ஏஞ்சல் முட்டைக்கு மென்னீரே ஏற்றது. காரத்தன்மை கூடக் கூட அம்மோனியாவின் நஞ்சும் கூடும் என்பதை மறக்கலாகாது.

இதனைக் கண்டறிய ஆய்வுக்கூடம் தேவையில்லை. உலர்ந்த கல்லின் மீது சில சொட்டு வினிகர் விடுங்கள். நுரைத்துப் பொங்கினால் சுண்ணாம்பு உள்ளது, ஒதுக்கிவிடுங்கள். பொங்காத கருங்கல் சரளையும் வெங்கச்சங்கல்லும் நன்னீர்த் தொட்டிக்கு ஏற்றவை. சாயமேற்றிய கல்லை ஒரு நாள் வாளி நீரில் ஊறவைத்து, சாயம் இறங்கினால் தவிர்க்க வேண்டும்.

புதிய சிமெண்டுத் தொட்டியும் சுண்ணாம்பைக் கக்கும். இரண்டு மூன்று வாரம் நீர் நிரப்பி, பலமுறை மாற்றிய பின்னரே மீன் விட வேண்டும்.

முருகைக்கல் வேண்டாம்

அழகுக்காக முருகைக்கல் எனப்படும் பவளப்பாறைத் துண்டுகளைத் தொட்டியில் போடும் வழக்கம் முன்பு இருந்தது. இது இரு வகையில் தவறாகும். ஒன்று, அதுவும் சுண்ணாம்பே. மற்றொன்று, பாறை உருவாக்கும் பவளங்கள் 2001ஆம் ஆண்டு முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் பாதுகாக்கப்பட்டவை. எடுப்பதும் விற்பதும் குற்றமாகும். மன்னார் வளைகுடாவில் ஒரு காலத்தில் சுண்ணாம்புக்காகப் பவளப்பாறை வெட்டியெடுக்கப்பட்டது. அதனால் அழிந்த இடங்களில் இன்று சிமெண்டுப் பலகைகளை இறக்கி, அவற்றில் பவளத் துண்டுகளைக் கட்டி வளர்க்கிறார்கள். வெளிநாடுகளில் தொட்டியில் பவளம் பெருக்குவோரும் துண்டுகளைச் சிறு சிமெண்டு வில்லைகளில் ஒட்டித் தட்டில் அடுக்குகிறார்கள். கழிவை எளிதில் அகற்றுவதற்காகத் தொட்டித் தரையை வெறுமையாக விடுவோர் அவர்களிலும் பலர்.

கல் போடுவதாயின்

தாய்மீன் தொட்டியில் செடி வைக்க விரும்பினால் 3 முதல் 5 மி.மீ. அளவுள்ள சரளையை 4 செ.மீ. உயரம் பரப்பலாம். 60 செ.மீ. நீளமும் 30 செ.மீ. அகலமும் உள்ள தொட்டிக்குச் சுமார் 11 கிலோ தேவைப்படும். கழுவிய நீர் தெளியும் வரை அலச வேண்டும்.

நாளடைவில் கழிவைச் சிதைக்கும் நன்மை தரும் நுண்ணுயிர்கள் சரளையில் குடியேறும். குளோரின் கலந்த குழாய் நீரில் மொத்தமாகக் கழுவினால் அவை மடியும். தொட்டியில் அம்மோனியா ஏறும். தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே, ஒரு தடவைக்குக் கால்பங்குச் சரளையை மட்டும் அலசுவது நல்லது.

ஒரு ஈட்டு முட்டை வீணானால் தாய்மீனுக்குப் போட்ட தீவனமும், பல வார உழைப்பும் வீணாகும். சில சொட்டு வினிகரும், சில கோலிக்குண்டுகளும் அந்த நட்டத்தைப் பெரிதும் குறைக்கும். தளத்தை மீனுக்கு ஏற்றவாறு தேர்ந்தெடுத்துச் சிறு விவசாயிகள் இத்தொழிலில் நல்ல பலன் பெறலாம்.