நீலம் என்றால் எந்த நீலம்?

அம்மாவுடன் ஜவுளிக்கடைக்குப் போயிருக்கிறீர்களா? 'பச்சைப் புடவை காட்டுங்கள்' என்றால், 'கிளிப்பச்சையா, பாசிப்பச்சையா, இலைப்பச்சையா?' என்று கடைக்காரர் திருப்பிக் கேட்பார். ஒரு பச்சைக்குள் இத்தனை பச்சை!

கடையில் என்றால் கண்ணால் பார்த்து எடுத்துவிடலாம். ஒரு நாட்டின் கொடியைப் பல ஊர்களில் பல பேர் தயாரித்தால் என்ன ஆகும்? ஸ்காட்லாந்துக்கு இந்தச் சிக்கல் வந்தது. நீலத் துணியில் வெள்ளைப் பெருக்கல் குறி போட்டதுதான் அவர்களுடைய கொடி. ஆனால், ஓரிடத்தில் அது வானம் போல வெளிர் நீலமாகவும், இன்னோரிடத்தில் கருநீலமாகவும் பறந்தது. 2003ல் அங்குள்ள பார்லிமென்ட் குழு ஒன்று இதை ஆராய்ந்தது. 'இனி பான்டோன் 300 என்ற நீலத்தையே பயன்படுத்துங்கள்' என்று பரிந்துரை செய்தது.

நிறத்துக்கும் நம்பர்!

பான்டோன் என்பது அமெரிக்க நிறுவனம். அங்கே லாரன்ஸ் ஹெர்பர்ட் என்பவர், 1963ல் நிறங்களுக்கு எண் கொடுக்கும் முறையைக் கொண்டு வந்தார். விசிறி போல விரியும் அட்டைகளில் வரிசையாக நிறங்கள் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டு. எண்ணைச் சொன்னால் போதும், எந்த ஊர் அச்சகத்திலும் அதே நிற மையைக் கலந்துவிடலாம்.

நியூயார்க்கின் டிஃப்பனி நகைக்கடை, பச்சை கலந்த இளநீலப் பெட்டிகளுக்குப் பெயர் பெற்றது. அந்த நிறத்துக்கு பான்டோன் தந்த எண் 1837. அந்தக் கடை தொடங்கப்பட்ட ஆண்டும் அதுதான்!

திரையில் மூன்று ஒளிகள்

கம்ப்யூட்டர் திரையில் மை கிடையாது, ஒளி மட்டும்தான். சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று ஒளிகளைக் கலந்தே எல்லா நிறங்களும் உருவாகின்றன. ஒவ்வொன்றின் அளவும் 0 முதல் 255 வரை, அதாவது 256 படிகள். 255, 0, 0 என்றால் சிவப்பு. 255, 255, 0 என்றால்? மஞ்சள்! சிவப்பு ஒளியும் பச்சை ஒளியும் சேர்ந்தால் மஞ்சளாகத் தெரியும். 256ஐ மூன்று முறை பெருக்கிப் பாருங்கள். 1,67,77,216 நிறங்கள் கிடைக்கும்!

இந்த மூன்று எண்களை ஆறு இடங்களில் அடக்கியும் எழுதுவார்கள். 0 முதல் 9 வரை பத்து எண்கள், ஏ முதல் எஃப் வரை ஆறு எழுத்துகள். ஆக, 16 குறிகள். ஓர் ஒளிக்கு இரண்டு இடம். 16 x 16 = 256. கணக்கு சரிதானே?

தாளில் நான்கு மைகள்

அச்சில் கதை வேறு. சயான் என்ற பச்சை கலந்த நீலம், மெஜந்தா என்ற ஊதா கலந்த சிவப்பு, மஞ்சள், கறுப்பு ஆகிய நான்கு மைகள்தான் அங்கே முக்கியம். செய்தித்தாளில் உள்ள வண்ணப் படத்தை பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். குட்டிக் குட்டிப் புள்ளிகள் தெரியும். பல செய்தித்தாள்களின் ஓரத்தில் இந்த நான்கு நிறங்களும் சிறு அடையாளங்களாக இருக்கும். நான்கும் சரியான இடத்தில் விழுகின்றனவா என்று பார்க்கத்தான் அது.

ஒளிகளைச் சேர்க்கச் சேர்க்க வெளிச்சம் கூடும். மையோ ஒளியை விழுங்கிவிடும். சேர்க்கச் சேர்க்க இருளும். அதனால்தான் திரையில் பளிச்சென்று மின்னும் பச்சை, தாளில் சற்று மங்கிப் போகிறது. மின்னும் சில நிறங்களை இந்த நான்கு மைகளால் கொண்டு வரவே முடியாது.

இது தெரிந்துதான் பெரிய நிறுவனங்கள் தங்கள் சின்னத்தின் ஒரே நிறத்துக்கு, திரைக்கு ஒரு குறியீடு, நான்கு மைக்கு ஒரு குறியீடு, பான்டோன் எண் என மூன்றையும் குறித்து வைக்கின்றன. உங்கள் பள்ளி ஆண்டு விழாவுக்கு பேட்ஜ் அடிக்கப் போகிறீர்களா? அச்சகத்தில் 'நீலம்' என்று மட்டும் சொல்லாதீர்கள். எண்ணையும் எழுதிக் கொடுத்து, ஒரு மாதிரி அச்சடித்துப் பார்த்த பிறகே சரி சொல்லுங்கள்.

உங்களுக்கு ஒரு கேள்வி: திரையில் 255, 255, 255 என்றால் என்ன நிறம்?

(விடை: வெள்ளை)