இரண்டு விசிறிகளும் ஒரு ரேஸ் காரும்

தேங்காய்ப்பட்டணத்திலிருந்து ஒரு மாணவர் கேட்டிருக்கிறார்: "விக்ராந்த் போர்க்கப்பலையே நாலு காஸ் டர்பைன்கள் ஓட்டுகின்றன. அதை ரேஸ் காரில் வைத்தால் யாரால் ஜெயிக்க முடியும்?" 'தடை செய்யப்பட்ட அதிசய எஞ்சின்' என்று சுற்றும் வீடியோக்களும் இதையே சொல்கின்றன. அதில் பாதிதான் உண்மை.

வரலாற்றைச் சீக்கிரம் முடித்துவிடலாம். 1967 இண்டியானாபொலிஸ் 500 பந்தயத்தில் பார்னெல்லி ஜோன்ஸின் டர்பைன் கார், 200 சுற்றில் 171 சுற்று முன்னால் ஓடியது; முடிய மூன்று நாலு சுற்றே இருக்கையில் ஒரு பேரிங் உடைந்து நின்றது. பிறகு, எஞ்சினுக்குள் காற்று நுழையும் வாயைச் சுருக்கி விதி போட்டார்கள்.

எனக்குப் பிடித்தது டர்பைனின் உள்வேலை. இரண்டு டேபிள் ஃபேனை எதிரெதிரே வையுங்கள். ஒன்றுக்கு மட்டும் கரண்ட் கொடுங்கள். அதன் காற்றில் மற்றதும் சுழலும். இரண்டுக்கும் நடுவே காற்றைத் தவிர எந்தப் பிணைப்பும் இல்லை. சுழலும் அந்த இரண்டாவதைப் பென்சிலால் தடுத்தாலும் முதல் ஃபேன் ஓடிக்கொண்டே இருக்கும். டர்பைனில் காற்றுக்குப் பதில் கொதிக்கும் வாயு. இரண்டாவது ஃபேன்தான் சக்கரத்தைச் சுழற்றுகிறது. அதனால் கார் நின்றாலும் எஞ்சின் அணையாது. கிளட்ச் வேண்டாம், கியர் மாற்ற வேண்டாம். எவ்வளவு அழகான ஏற்பாடு!

இனி முதல் ஃபேனை ஒன்றிலிருந்து மூன்றுக்குத் திருப்புங்கள். அது வேகம் பிடித்த பிறகுதான் இரண்டாவது வேகம் பிடிக்கும். டர்பைனிலும் ஆக்சிலரேட்டரை மிதித்தபின் இந்தத் தாமதம் உண்டு. காலை எடுத்தாலோ, சுழற்சி அடங்கும்வரை வாயு தள்ளிக்கொண்டே இருக்கும். எஞ்சின் பிடித்து நிறுத்தும் உதவி கிடைக்காது, பாரமெல்லாம் பிரேக்கின் மேல்.

தேங்காய்ப்பட்டணம் துறைமுக முகத்துவாரத்தில் வள்ளம் ஓட்டுகிறவருக்கு இது உடனே விளங்கும். ஒரு அலை உடைந்து அடுத்தது எழுவதற்குள் அவர் கைப்பிடியை முறுக்குகிறார். அவுட்போர்டு எஞ்சின் அந்தக் கணமே சீறுகிறது. பதில் இரண்டு நொடி தள்ளி வந்தால் வள்ளம் கவிழ்ந்துவிடும். ஆழ்கடலில் ஒரே வேகத்தில் மணிக்கணக்கில் போகும் கப்பலுக்கு இரண்டு நொடி ஒரு பொருட்டே அல்ல.

இண்டியானாபொலிஸ் நீள்வட்டப் பாதை. வேகம் அதிகம் ஏறி இறங்காது, ஏறக்குறைய ஆழ்கடல் மாதிரி. அங்கே டர்பைனை அடக்கியது விதிதான். வளைவுகள் நிறைந்த ஃபார்முலா ஒன்னில் யாரும் தடுக்கவில்லை. 1971-ல் லோட்டஸ் 56பி என்ற டர்பைன் கார் இறங்கியது. ஓட்டுநர்கள் வளைவில் பிரேக்கை விடுமுன்பே ஆக்சிலரேட்டரை மிதிக்க வேண்டியிருந்தது. நீண்ட நேர்ப்பாதைகள் கொண்ட மான்சா பந்தயத்தில்கூட அதை ஓட்டிய எமர்சன் ஃபிட்டிபால்டிக்குக் கிடைத்தது எட்டாம் இடம்.